காணி வேலைக்கு ஏடிவி: எதைப் பார்த்து எடுப்பது, எப்படி ஓட்டுவது

ரொறன்ரோவிலிருந்து வடக்கே போனால், கின்மவுண்ட் பக்கமாக எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. மேப்பிள் காடு, நடுவில் சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்பு, பின்பக்கம் கருங்கல் மேடு. கேற்றிலிருந்து வீட்டுக்குப் போகவே நல்ல நடை. விறகு, பனி, மார்ச்சில் மேப்பிள் சாறு, காற்றில் விழுந்த மரம் என்று எந்த வேலையை எடுத்தாலும், பாரமான ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதாகவே அது முடியும். அதற்குத்தான் ஏடிவி என்ற, காடு மேடெல்லாம் ஓடும் நாலு சில்லு வாகனம். என் கணவருக்கு முதுகு வருத்தம், அதனால் பெரும்பாலும் ஓட்டுவது நான்.

இந்தப் பக்கம் புதிதாகக் காணி எடுப்பவர்கள் போன் எடுத்தால் முதல் கேள்வி, "அக்கா, எத்தனை சிசி எடுக்கிறது?" என்பதுதான். "எதை இழுக்கப் போகிறீர்கள், எவ்வளவு ஏற்றத்தில்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எந்த வாகனம் என்பது பாதி முடிவாகிவிடும்.

சிசியை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்று சொல்கிறேன். நடுத்தர ஏடிவி ஒன்று ஏறக்குறைய 300 கிலோ. அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் அதன் உச்சியில் கால் அகட்டி உட்காருகிறோம், பெல்ட் கிடையாது, மேலே கூடு கிடையாது. வளைவிலும் சரிவிலும் அதைச் சரியாமல் வைத்திருப்பதில் ஓட்டுபவரின் உடம்புக்குப் பெரிய பங்கு உண்டு. என்னைப் போல ஐந்தடி உயரமும் ஐம்பத்துச் சொச்சம் கிலோவும் உள்ள ஒருவர் உடம்பைச் சாய்த்துச் சரிசெய்யக்கூடியது கொஞ்சம்தான். அதற்குள் முன் றாக்கிலும் பின் றாக்கிலும் சாமானை உயரமாக அடுக்கினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். பிரண்டால் வாகனம் ஆளுக்கு மேலேதான் விழும், நெஞ்சு அமுங்கி மூச்சு நின்றுபோகும். இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் அவுஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல், விற்பனைக்கு வரும் புதிய வேலை குவாட்களில் (ஏடிவியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஓட்டுபவரைக் காக்கும் கம்பி அமைப்பு கட்டாயம் என்று சட்டம் வைத்தார்கள். கனடாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. விரும்பினால் தனியாக வாங்கிப் பூட்டலாம். நான் பூட்டியிருக்கிறேன்.

ஆகவே என் வழி இதுதான்: பாரத்தை வாகனத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், பின்னால் இழுங்கள். யமஹா கோடியாக் 450-ஐ உதாரணமாக எடுங்கள். முன் றாக்கில் 40 கிலோ, பின் றாக்கில் 80 கிலோ வைக்கலாம். ஆனால் இழுக்கும் எல்லை 600 கிலோ. இரண்டு றாக்கையும் கூட்டினாலும் அதைப்போல் ஐந்து மடங்கு. வாகனத்தைச் செய்தவர்களே எதற்காகச் செய்தார்கள் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. விளம்பரத்தில் குதிரைச் சக்தியைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் கையேட்டைத் திறந்து இந்த மூன்று இலக்கத்தையும் தேடுங்கள்.

எதை எடுப்பது

ஐம்பது, நூறு ஏக்கர் காணிக்கு 450-க்கும் 600-க்கும் இடைப்பட்ட சிசி தாராளம். யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு ஏக்கர் 16 பரப்பு என்று பெருக்கிப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அதற்காக 1000 சிசி வேண்டியதில்லை. அது வேகத்துக்குச் செய்தது. விறகு இழுக்கும்போது நாங்கள் போகும் வேகம் நடந்து போகிறவரின் வேகம்.

கியர் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பொலாரிஸ், கான்-ஆம், யமஹா, சிஎப்மோட்டோ எல்லாவற்றிலும் பெரும்பாலும் சிவிடி என்ற, பெல்ட்டில் ஓடும் தானியங்கி கியர். ஓட்டச் சுகம், கியர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் பாரம் இழுக்கும்போது 'லோ' ரேஞ்சில் (மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) போடாமல் 'ஹை'யிலேயே மெதுவாக ஊர்ந்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கருகும். ரப்பர் மணம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஹொண்டாவின் வேலை ஏடிவிகளில் பெல்ட் கிடையாது, பல்சக்கர கியர்தான். கொஞ்சம் உலுக்கும், ஆனால் சேற்றுத் தண்ணீர் பட்டு வழுக்கும் என்ற பயம் இல்லை. எதை எடுத்தாலும், இறக்கத்தில் த்ரொட்டிலை விட்டதும் எஞ்சினே வாகனத்தைப் பிடித்து நிறுத்துகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். சில சிவிடிகள் குறைந்த வேகத்தில் சும்மா உருள விட்டுவிடும். பின்னால் அரைத் தொன் விறகோடு இறங்கும்போது அப்படி உருளக் கூடாது.

பின் சில்லுகள் ஒரே அச்சில் இருக்கிறதா, தனித்தனியாக அசைகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. ஒரே அச்சு என்றால் பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் அவ்வளவு அமுங்காது. தனித்தனி என்றால் கல்லுக்கு மேலால் போகும்போது அடி உரசாது, முதுகுக்கும் நல்லது. எங்கள் பக்கத்துக் கருங்கல் நிலத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். பவர் ஸ்டியரிங் இருக்கட்டும். முன் டிப் லொக் (முன் சில்லு இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) போட்டதும் ஹாண்டில் இரும்பாகிவிடும், சின்ன ஆட்களுக்கு அது தோளில் வந்து நிற்கும்.

கடையில் ஏறி உட்காரும்போது இரண்டு காலும் கால்மிதியில் முழுதாகப் படுகிறதா, ஹாண்டிலைக் கடைசிவரை திருப்பினாலும் பெருவிரல் த்ரொட்டிலுக்கும் மற்ற விரல்கள் பிறேக்குக்கும் எட்டுகிறதா என்று பாருங்கள். பெண்கள் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஓட்டப்போவது நீங்கள் என்றால் உங்கள் கைக்குத்தான் அளவு.

உங்களுக்கு ஆட்களையும் ஏற்றவேண்டி இருந்தால் ஏடிவியை விட்டுவிட்டு சைட்-பை-சைட் பாருங்கள். பெல்ட், கூடு, இரண்டு ஆசனம், பின்னால் பெட்டி எல்லாம் இருக்கும். விலை கூட, அகலமும் கூட, ஒடுங்கிய காட்டுப் பாதைக்குள் நுழையாது. ஆனால் வயதான அம்மாவை மேப்பிள் தோட்டம் காட்டக் கூட்டிப்போக அதுதான் சரி. ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளில் குடும்பமே போன பழக்கம் எங்களுக்கு உண்டு. ஒற்றை ஆசன ஏடிவியில் அது வேண்டாம். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போய்விடும், ஏற்றத்தில் முன் சில்லு கிளம்பும், ஓட்டுபவருக்கு உடம்பை நகர்த்த இடமும் இல்லை. ஆசனம் நீளமாக இருப்பதே நகர்ந்து உட்காருவதற்குத்தான்.

பழையது வாங்குவதென்றால் பகலில் போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரில் கிலோமீட்டரும் மணித்தியாலமும் இருக்கும், ஒன்றை மற்றதால் பிரியுங்கள். சராசரி வேகம் மிகக் குறைவாக வந்தால் அது பனி தள்ளியோ பாரம் இழுத்தோ உழைத்த வாகனம். ஒயில் பால்கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். ஒவ்வொரு சில்லையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள், லொடலொட என்றால் பேரிங்கோ போல் ஜொயின்ற்றோ போய்விட்டது. அச்சின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா, ஏர் பில்டர் பெட்டிக்குள் சேறு இருக்கிறதா, அடியில் புதிதாக ஒட்டுவேலை செய்திருக்கிறார்களா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். வின் இலக்கம் (வாகனத்தில் பொறித்த அடையாள இலக்கம்) பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பத்திரம் பிறகு தருகிறேன் என்றால் காசும் பிறகுதான்.

கூட வேண்டிய சாமான்கள்

வின்ச் வாங்குங்கள், மோட்டாரில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி அது. 2500 முதல் 3500 இறாத்தல் இழுப்பது போதும். பனி தள்ளும் பலகையைத் தூக்கி இறக்குவதும் அதுதான், சதுப்பில் புதைந்தால் வெளியே எடுப்பதும் அதுதான். மரத்தில் கட்டும்போது கம்பியை நேரே சுற்றாமல் அகலமான பட்டியைப் போடுங்கள், மரப்பட்டை காயப்படாது. இழுக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி இறங்கிவிடும். அந்த நேரம் கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

ரயர் காற்றுக்குத் தனி அளவுகோல் தேவை. ஏடிவி ரயரில் பொதுவாக 5 முதல் 7 பிஎஸ்ஐதான். காருக்குப் பாவிக்கும் கருவியில் அந்த அளவு சரியாகத் தெரியாது. ஒரு பக்கம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தாலும் வாகனம் அந்தப் பக்கம் இழுக்கும், சரிவில் அந்தப் பக்கம் அமுங்கும். குளிர் இறங்க இறங்கக் காற்றும் குறையும், அதனால் ஒக்டோபரில் அடிக்கடி பாருங்கள்.

ட்ரெய்லரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அகலமான, காற்றுக் குறைந்த ரயர் போட்ட, தாழ்வான ட்ரெய்லர் வேண்டும். புல்வெட்டும் ட்ரக்டருக்கு விற்கும் சின்னத் தள்ளுவண்டிகள் கருங்கல் நிலத்தில் ஒரு பருவம் தாங்காது.

இழுப்பதும் ஏறுவதும் இறங்குவதும்

முதல் நாளே விறகு ஏற்றாதீர்கள். சமதரையில் வெறும் வாகனத்தோடு பழகுங்கள். கனடா சேப்ரி கவுன்சிலின் ஏடிவி பயிற்சி வகுப்பு கிடைத்தால் போய்வாருங்கள். கார் ஓட்டப் பழகியவருக்குக் கை, காலை விட உடம்பால் ஓட்டுவது என்பது புதிது. ஏற்றத்தில் முன்னுக்கு நகர்ந்து குனிய வேண்டும். இறக்கத்தில் பின்னுக்கு நகர்ந்து, லோ ரேஞ்சில், நாலு சில்லும் இழுக்கும் நிலையில், எஞ்சின் பிடியிலேயே இறங்க வேண்டும். வளைவில் உள்பக்கம் சாய வேண்டும். காலைத் தரையில் ஊன்றவே கூடாது. பின் சில்லு காலுக்கு மேல் ஏறிவிடும்.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பிறேக்கைப் பிடித்து, பார்க்கில் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். பின்னுக்கு உருள விட்டு நடுவில் பின் பிறேக்கை அமத்தினால் வாகனம் பின்பக்கமாகக் குப்புறும். பிறகு இறங்கி நின்று யோசிக்கலாம். வின்ச் இருக்கிறது, பக்கத்துக் காணிக்காரர் இருக்கிறார், வாகனம் அங்கேயே இரவு நின்றாலும் பரவாயில்லை.

சரிவைக் குறுக்கே கடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். எங்கள் மேட்டுக்குப் போக நேராக ஏறும் பாதை ஒன்றை வெட்டியிருக்கிறோம். சுற்றுத்தான், ஆனால் குறுக்குச் சரிவே இல்லை. காணி வாங்கிய முதல் கோடையில் செய்யவேண்டிய வேலை பாதை போடுவது. கல்லைப் பிரட்டி, அடிக்கட்டையை நிலத்தோடு வெட்டி, ஈர இடத்தில் சரளை கொட்டி வைத்தால் பிறகு ஒவ்வொரு வேலையும் பாதியாகும். இலையுதிர் காலத்தில் ஈர இலை மூடிய கருங்கல்லில் ரயர் பிடிக்காது, அந்தப் பாதையில் மழை விட்டதும் போகாதீர்கள்.

விறகுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே விறகை அளக்கும் முழு கோர்ட் என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், 128 கன அடி. பச்சையாக வெட்டிய மேப்பிள் என்றால் அது ஏறக்குறைய இரண்டு தொன். ட்ரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்து 600 கிலோ எல்லை என்றால் ஒரு கோர்ட்டுக்கு ஐந்தாறு நடை வேண்டும். அது சமதரைக்கு. மேடு பள்ளம் என்றால் பாதியாகக் குறையுங்கள். நடை கூடினால் என்ன, பெற்றோல்தானே. பாரத்தைத் தாழ்வாக, அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்குங்கள். கொழுவும் முனையில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அழுத்தம் இருந்தால் போதும். பின்பாரமானால் ட்ரெய்லர் ஆட ஆரம்பிக்கும்.

விழுந்த மரத்தை அப்படியே இழுப்பதானால் சங்கிலியைக் கீழே இருக்கும் கொழுவியில்தான் போட வேண்டும். றாக்கில் போடாதீர்கள். எத்தனை அவசரமானாலும் போடாதீர்கள். இழுபடும் மரம் ஒரு அடிக்கட்டையில் மாட்டினால் போதும், உயரத்தில் கட்டிய சங்கிலி வாகனத்தின் முன்பக்கத்தைத் தூக்கி ஓட்டுபவரின் மேல் கவிழ்த்துவிடும். மரத்தின் முன் நுனியைத் தூக்கிப் பிடிக்கும் வளைவு வண்டி ஒன்று இருந்தால் நுனி மண்ணில் குத்தாது.

மார்ச்சில் சாறு இறக்கும்போது வேறொரு தந்திரம். ஒரு லீற்றர் மேப்பிள் பாணிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சாறு வேண்டும், ஆகவே இழுப்பது எல்லாம் தண்ணீர்தான். பாதி நிரம்பிய பெரிய பீப்பாய் வளைவில் அலையடித்து வண்டியையே தள்ளும். சின்னச் சின்னக் கலன்களாக, நிறைய நிரப்பி, மூடி இறுக்கிக் கொண்டுபோங்கள்.

பனி தள்ளும் வேலைக்கு இரண்டு விஷயம் போதும். ஒக்டோபரிலேயே பாதையின் இரு ஓரமும் கம்பு நட்டு, கல் இருக்கும் இடத்தில் நிறத்துணி கட்டிவையுங்கள். முதல் பனியிலேயே தேவையை விட அகலமாகத் தள்ளிவிடுங்கள், ஓரத்தில் குவிந்தது இறுகிய பிறகு அதை நகர்த்த இந்த வாகனத்தால் முடியாது.

காணிக்கு வெளியே

சொந்தக் காணிக்குள் ஒன்ராறியோச் சட்டம் பலவற்றை விட்டுக்கொடுக்கிறது. கேற்றைத் தாண்டினால் பதிவு, இலக்கத்தகடு, காப்புறுதி, தலைக்கவசம் நாலும் வேண்டும். தலைக்கவசத்தை நான் காணிக்குள்ளும் கழற்றுவதில்லை, மரக்கிளைக்குச் சட்டம் தெரியாது. வீதியில் போக ஜி2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) அனுமதிப்பத்திரமாவது இருக்க வேண்டும். கார்களுக்கு 50 கிலோமீட்டர் எல்லை உள்ள வீதியில் ஏடிவிக்கு 20, அதற்கு மேற்பட்ட வீதியில் 50. எல்லா வீதியிலும் விட மாட்டார்கள், உங்கள் நகரசபையின் விதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஓடுவது ஹாலிபர்ட்டன் கவுண்டி ரயில் தடம். கின்மவுண்டிலிருந்து ஹாலிபர்ட்டன் வரை பழைய விக்டோரியா ரயில் பாதை, தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சரளை போட்டது. ஆற்றோரம், சதுப்போரம், சாய்வே இல்லாமல் போகும், புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்லது. இந்தத் தண்டவாளம் போட 1874-இல் ஐஸ்லாந்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து கின்மவுண்டில் குடியேற்றினார்கள். குளிரிலும் நோயிலும் குழந்தைகள் பலரைப் பறிகொடுத்து, அடுத்த வருடமே பலர் மனிற்றோபாவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பாதையில் போகும்போது நான் வேகத்தைக் குறைத்தே போவேன்.

வசந்தத்தில் பனி கரையும் வாரங்களில் தடத்தை ஏடிவிகளுக்கு மூடிவிடுவார்கள், ஈர மண் கிழிந்துபோகும் என்பதால். திறக்கும்வரை பொறுங்கள். குதிரையோடு யாராவது வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தலைக்கவசத்தைக் கழற்றிக் குரல் கொடுங்கள், மனிதர்தான் என்று குதிரைக்குத் தெரியவேண்டும். நவம்பரில் மான் வேட்டைக் காலம், செம்மஞ்சள் உடுப்பு இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். பீவர் கட்டிய அணைக்குள் ஆழம் தெரியாமல் இறக்காதீர்கள். போன் சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய, எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லீவுக்கு வரும் மருமக்கள் கேட்டுக் கெஞ்சுவார்கள், நாங்களும் இளகிவிடுவோம். சொந்தக் காணியில் சட்டம் தடுக்காமல் இருக்கலாம். ஆனால் 16 வயதுக்குக் கீழே யாரும் ஏடிவி ஓட்டக்கூடாது என்பது கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. எங்கள் வீட்டில் அதுதான் விதி. சாவி என் சட்டைப் பைக்குள் இருக்கும்.

பராமரிப்பு

ஒயில், பில்டர், டிப் ஒயில் எல்லாம் கையேட்டில் சொன்ன மணித்தியாலப்படி மாற்றுங்கள், முதல் சேர்விஸைத் தள்ளிப்போடாதீர்கள். கோடையில் காய்ந்த புல்லுக்குள் ஓடினால் சைலன்சரைச் சுற்றி அடையும் புல்லை ஒவ்வொரு முறையும் தட்டிவிடுங்கள், அதிலிருந்து தீப்பிடிக்கும். சேற்றைக் கழுவும்போது பிரஷர் வாஷரை பேரிங்குக்கும் ரேடியேட்டருக்கும் நேரே அடிக்காதீர்கள். கொஞ்சநாள் ஓடாமல் நிற்கப்போகிறது என்றால் பெற்றோல் கெடாமல் வைக்கும் ஸ்ரபிலைசரை அதற்குள் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, பற்றரியை மெதுசார்ஜில் போடுங்கள். நின்ற வாகனத்தைத் திரும்ப எடுக்கும் முதல் நாளில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஏர் பில்டர் பெட்டியையும் ஆசனத்தின் அடியையும் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டி, வயரையும் கடித்திருக்கும்.